மூட்டை முடிச்சு: காமிராவின் கனமும் படத்தின் தரமும்

சென்ற மாதம் இப்பகுதியில், விடுமுறைக்கு ஊர் செல்லும் குடும்பத்தார் பெட்டி படுக்கைகளை எவ்வாறு குறைத்துக் கட்டிக்கொள்ளலாம் என்பதைப் பற்றி எழுதியிருந்தோம். அதைப் படித்த அன்பர்கள் சிலர் சங்கத்து வாசகசாலையில் நம்மைக் கண்டு, "வேஷ்டி புடவை முதல் ஊறுகாய் ஜாடி வரையில் எல்லாவற்றுக்கும் கணக்குச் சொன்னீர்கள், காமிராவை மட்டும் விட்டுவிட்டீர்களே!" என்று கேட்டார்கள். அவர்களுள் ஒருவர் புதிதாகக் காமிரா வாங்கும் உத்தேசத்தில் இருக்கிறார். பெரிதாக வாங்கினால்தான் படம் நன்றாக வரும் என்று அவருடைய தமையனார் சொல்கிறாராம். சிறிதாக வாங்கினால்தான் அது வீட்டை விட்டு வெளியே வரும் என்று மனைவியார் சொல்கிறாராம். இருவர் சொல்லிலும் நியாயம் இருப்பதால், இம்மாதம் இதனையே எடுத்துக்கொள்வோம்.

நாம் இரயில்வேயில் குமாஸ்தா உத்தியோகம் பார்ப்பதால், எடை என்றவுடன் பார்சல் ஆபீஸ் தராசுதான் நினைவுக்கு வருகிறது. படுக்கை வசதியுள்ள ஸ்லீப்பர் வகுப்பில் ஒருவர் 40 கிலோ வரையில் கட்டணமின்றிக் கொண்டு போகலாம்; இரண்டாம் வகுப்பில் 35 கிலோ. இந்தக் கணக்கில் மூன்று கிலோ காமிரா ஒரு பொருட்டே அன்று. வண்டியில் அது பலகைக்கு அடியில் சுகமாகப் படுத்துக்கொண்டு வருகிறது. வண்டியை விட்டு இறங்கிய பிறகுதான் அதன் கனம் தெரியத் தொடங்குகிறது. இரயில்வே சாமானை ஒரு முறை நிறுத்துவிட்டு விட்டுவிடும். தோளோ அடிக்கொரு தரம் நிறுத்துக்கொண்டே வரும். ஆகவே காமிராவின் எடையைத் தோளின் தராசில் வைத்தே பார்க்கவேண்டும்.

முதலில், கனமும் தரமும் ஏன் இப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைக் கவனிப்போம். படம் என்பது ஒளி எழுதும் எழுத்து. லென்ஸின் வாய் எவ்வளவு அகலமோ, அவ்வளவு ஒளி உள்ளே வருகிறது. அந்த ஒளியை ஏற்கும் தகடு எவ்வளவு பெரியதோ, அவ்வளவு நுணுக்கமாகவும், புள்ளி புள்ளியாகச் சிதறாமலும் படம் பதிகிறது. இத்தகட்டைத்தான் கடைக்காரர்கள் சென்ஸர் என்கிறார்கள். 'முழு அளவு' எனப்படும் தகடு 36 மில்லிமீட்டர் அகலமும் 24 மில்லிமீட்டர் உயரமும் உள்ளது. அதாவது 864 சதுர மில்லிமீட்டர். அதற்கு அடுத்த வகுப்பில் கேனன் கம்பெனியார் வைக்கும் தகடு ஏறக்குறைய 332 சதுர மில்லிமீட்டர். ஒலிம்பஸ் முதலிய கம்பெனியார் கையாண்ட இன்னும் சிறிய தகடு 225 சதுர மில்லிமீட்டர். பெரும்பாலான கைப்பேசிகளில் உள்ளது இவற்றுக்கெல்லாம் மிகவும் குறைந்தது. தகடு பெரிதானால் அதை முழுவதும் மூடும்படி ஒளியைப் பாய்ச்சும் லென்ஸும் பெரிதாகவேண்டும். லென்ஸ் என்பது கண்ணாடி. கண்ணாடி கனமான வஸ்து. இதுவே மூல காரணம்.

இந்தச் சங்கடம் இன்று நேற்று வந்ததன்று. சாமுவேல் போர்ன் என்னும் ஆங்கிலேயர் 1863-ஆம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து, இமயமலையில் மூன்று யாத்திரைகள் செய்து படம் பிடித்தார். அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் மருந்தை அவ்விடத்திலேயே பூசி, ஈரம் உலர்வதற்குள் படமெடுத்து, உடனே கழுவியும் ஆகவேண்டும். ஆகையால் கண்ணாடிகள், மருந்துப் புட்டிகள், இருட்டுக் கூடாரம் எல்லாவற்றையும் சுமையாட்கள் கூட்டம் ஒன்று தூக்கிக்கொண்டு அவர் பின்னால் ஏறிற்று. அப்படியே அவர் 1866-இல் 18,600 அடி உயரமுள்ள மணிரங் கணவாயில் படம் எடுத்தார். தரம் மிக உயர்ந்தது; ஆனால் கனம் பிறர் முதுகில் இருந்தது.

அவருக்குச் சற்று முன்னரே லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி வேறு வழியைக் கையாண்டார். 1855-இல் பர்மாவுக்குச் சென்ற தூதுக் கோஷ்டியுடன் போனபோது, அவர் மெழுகு ஏற்றிய காகிதத்தையே நெகட்டிவாகக் கொண்டு இருநூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்தார். காகிதத்தின் நார் படத்திலும் இலேசாகத் தெரியும். கண்ணாடியின் கூர்மை அதற்கு வராது. எனினும் காகிதம் உடையாது, முன்கூட்டியே தயார் செய்து எடுத்துப் போகலாம், சுமையும் குறைவு. இவரே பின்னர் 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்துக் கல்வெட்டுக்களைப் பகுதி பகுதியாகப் பிடித்து, ஒன்றோடொன்று ஒட்டி, நீண்ட ஒரே படமாகத் தந்தவர்.

மூன்றாமவர் ஜெர்மனியில் வெட்ஸ்லார் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஆஸ்கர் பர்னாக். ஆஸ்துமாக் காரரான அவருக்குப் பெரிய தகட்டுக் காமிராவைத் தூக்கிக்கொண்டு மலையேற இயலவில்லை. ஆகவே சினிமாப் பிலிம் சுருளைக் கொண்டு கைக்கு அடக்கமான ஒரு காமிராவை அமைத்தார். அதுவே 1925-இல் 'லைக்கா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. சிறிய நெகட்டிவ் எடுத்து, பிறகு பெரிதாக்கிக்கொள்வது என்பது அவர் கொள்கை. அந்த நெகட்டிவின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். இன்று நாம் 'முழு அளவு' என்று மரியாதையுடன் சொல்லும் தகடு, அன்று மூச்சு வாங்கும் ஒருவர் கனத்துக்கு அஞ்சித் தேர்ந்தெடுத்த சின்ன அளவேயாகும்!

இனி, இன்றைய கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்காக ஒரே கம்பெனியின் சாமான்களைச் சொல்கிறோம். சிபாரிசு என்று கொள்ளவேண்டாம். மற்றக் கம்பெனிகளிலும் கணக்கு ஏறக்குறைய இவ்வாறே வரும்.

2016-இல் வெளிவந்து, கல்யாணப் படமெடுப்பவர்கள் பலர் கையில் இருந்த கேனன் 5டி மார்க் 4 என்னும் காமிராவின் எடை 890 கிராம். அதற்கு வழக்கமாகப் பொருத்தும் எஃப் 2.8 அளவுள்ள 24-70 லென்ஸ் 805 கிராம். தூரத்துக்கான 70-200 லென்ஸ், அதே எஃப் 2.8, ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. மொத்தம் மூன்று கிலோவுக்கு மேல். பை, மின்கலம், முக்காலி ஆகியவை வேறு. இதற்கு எதிர்ப்புறத்தில், 2023-இல் வந்த ஆர்50 என்னும் காமிரா 375 கிராம், அதனுடன் வரும் 18-45 ஜூம் லென்ஸ் 130 கிராம், எஃப் 1.8 அளவுள்ள 50 மில்லிமீட்டர் லென்ஸ் 160 கிராம். மொத்தம் 665 கிராம். முன்னதில் ஐந்தில் ஒரு பங்குதான்.

லென்ஸின் மேல் எழுதியிருக்கும் எஃப் எண்ணைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அந்த எண் சிறிதாக ஆக, ஒளி நுழையும் துவாரம் பெரிதாகும். எஃப் 4-ஐ விட எஃப் 2.8 இரு மடங்கு ஒளியை விடும். இந்த ஒரு படிக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்பதைப் பாருங்கள். அதே 70-200 லென்ஸ் எஃப் 4 அளவில் 780 கிராம், எஃப் 2.8 அளவில் அதுவே ஒன்றரைக் கிலோவை எட்டிவிடுகிறது. ஒளியும் இரட்டிப்பு, எடையும் இரட்டிப்பு. வெயிலில் படமெடுப்பவருக்கு அந்த இரட்டிப்பு ஒளியால் கூர்மை ஒன்றும் கூடப்போவதில்லை. பின்புறத்தை மங்கலாக்கி முகத்தை மட்டும் எடுத்துக் காட்டவோ, இருட்டில் எடுக்கவோதான் அது பயன்படும்.

வாங்குவோர் பலர் காமிராவின் உடலை மட்டும் கையில் வாங்கி, "அடே, இலேசாக இருக்கிறதே!" என்று மகிழ்ந்துபோகிறார்கள். இது ஏமாற்றம் தரும். ஆர்8 என்னும் காமிரா முழு அளவுத் தகடு கொண்டிருந்தும் 461 கிராம்தான். ஆனால் அதன் முகப்பில் எஃப் 2.8 அளவுள்ள 24-70 லென்ஸைப் பொருத்தினால் லென்ஸ் மட்டும் 900 கிராம். உடலைப் போல் இருமடங்கு! அதே உடலில் மேற்சொன்ன 160 கிராம் லென்ஸைப் பொருத்தினால் மொத்தம் 621 கிராம். படத்தின் தரமும் உயர்ந்தது. ஆனால் ஜூம் கிடையாது. நெருங்கவும் விலகவும் நம் கால்களே நடக்கவேண்டும். பெரிய தகடு, ஜூம் வசதி, குறைந்த கனம் ஆகிய மூன்றில் இரண்டைத்தான் பெற முடியும் என்று மனத்தில் வைத்துக்கொண்டால், கடைக்காரர் பேச்சில் மயங்கவேண்டி வராது.

இனி, நம்மவர் வாழ்க்கையில் இக்கணக்கு எப்படி வந்து நிற்கிறது என்பதற்கு மூன்று சந்தர்ப்பங்களைச் சொல்வோம்.

டில்லியிலுள்ள நம் குடும்பங்கள் கோடையில் உத்தராகண்டத்து க்ஷேத்திரங்களுக்குப் போவதுண்டு. பஞ்ச கேதாரங்களில் மிக உயரத்திலுள்ள துங்கநாத் அவற்றில் ஒன்று. சோப்தா என்னுமிடத்தில் வண்டியை விட்டுவிட்டு ஏறக்குறைய மூன்றரைக் கிலோமீட்டர் ஏறவேண்டும். தூரம் குறைவுதான். ஆனால் கோயில் இருப்பது சுமார் மூன்றரை ஆயிரம் மீட்டர் உயரத்தில். அங்கே மூச்சுக்குக் கிடைக்கும் பிராணவாயு கடற்கரையில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்கே. நம் நண்பர் ஒருவர் குடும்பத்தோடு அங்கே சென்றார். மேற்சொன்ன மூன்று கிலோச் சாமானும் அவரிடம் இருந்தது. முதல் அரைக் கிலோமீட்டரில் தாயாருக்குக் கை கொடுக்கவேண்டி வந்தது. சின்னக் குழந்தையைத் தூக்கவேண்டியும் வந்தது. காமிராப் பை சோப்தாவுக்கே திரும்பிப் போய், வண்டியின் பின்புறத்தில் வைத்துப் பூட்டப்பட்டது. மேலே சௌகம்பா சிகரம் பளிச்சென்று தெரிய, எழுபது வயதான அந்த அம்மாள் கோயில் வாசற்படியில் அமர்ந்து மூச்சு வாங்கியபடியே சிரித்த சிரிப்பைப் பேத்தி கைப்பேசியில் எடுத்தாள். அடுத்த ஆண்டு அந்த அம்மாள் காலமானார். இன்று அவர்கள் கூடத்தில் மாலையுடன் இருப்பது பேத்தி எடுத்த படமே. அதில் குறையொன்றும் சொல்வதற்கில்லை. ஆனால் இலட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய லென்ஸுகள் அந்த நேரத்தில் வண்டியில் பூட்டிக் கிடந்தன என்பதை நண்பர் நினைக்காத நாளில்லை. அறுநூறு கிராமில் ஒன்று கழுத்தில் தொங்கியிருந்தால், குழந்தையும் கையில் இருந்திருக்கும். காமிராவும் கூட இருந்திருக்கும்.

இதைக் கேட்டுவிட்டு, "அப்படியானால் கைப்பேசியே போதுமே" என்று முடிவு கட்டவேண்டாம். இரண்டாவது சந்தர்ப்பம் அதற்கு மறுப்பு. சங்கத்தைச் சேர்ந்த ஒரு பெண்ணின் பரதநாட்டிய அரங்கேற்றம். மாமா ஒருவர் முன் வரிசையில் அமர்ந்து கைப்பேசியிலேயே எல்லாவற்றையும் எடுத்தார். சின்னத் திரையில் பார்த்தபோது அனைவரும் மெச்சினார்கள். சுவரில் மாட்டுவதற்காக 12-க்கு 18 அங்குலம் பெரிதாக்கியபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. கை முத்திரைகள் புகை போல் கலைந்திருந்தன. முகம் மெழுகு பூசினாற்போல் வழவழவென்றிருந்தது. மேடை விளக்கு நம் கண்ணுக்குப் பிரகாசமே தவிர, காமிராவுக்கு மங்கல். ஆடுகிறவரை அசைவின்றிப் பிடிக்க ஷட்டர் ஒரு விநாடியில் 250-இல் ஒரு பங்குக்குள் மூடவேண்டும். அவ்வளவு குறைந்த நேரத்தில் கைப்பேசியின் சிறு தகட்டுக்குப் போதிய ஒளி சேர்வதில்லை. சேராத இடத்தை அது தானாகவே பூசி மெழுகிவிடுகிறது.

இங்கே கனத்தைக் கூட்டித்தான் ஆகவேண்டுமா? அவசியமில்லை. மேலே சொன்ன 18-45 ஜூம் லென்ஸ் தன் நீண்ட கோடியில் எஃப் 6.3 அளவே திறக்கும். அதைக் கழற்றிவிட்டு எஃப் 1.8 லென்ஸைப் பொருத்தினால், ஒளி ஏறக்குறைய பன்னிரண்டு மடங்கு கூடும். எடை கூடுவது 30 கிராம்! ஆர்50-இன் தகட்டிலிருந்து முழு அளவுத் தகட்டுக்கு மாறுவதாலோ ஒளி இரண்டரை மடங்குக்குச் சற்று மேல்தான் கூடும். ஆகவே இருட்டில் படமெடுக்க விரும்புகிறவர் முதலில் பெரிய காமிராவைத் தேடாமல், ஜூம் இல்லாத, வாய் அகன்ற ஒரு சிறு லென்ஸைத் தேடுவதே சிலாக்கியம். அரங்கேற்றம், தீபாராதனை, குழந்தை தொட்டிலில் இருக்கும் அறை ஆகிய எல்லாவற்றுக்கும் அது ஒன்றே உதவும்.

மூன்றாவது சந்தர்ப்பத்தில் கனத்தைத் துணிந்து ஏற்கலாம். டில்லியிலிருந்து இரயிலில் போகக்கூடிய தூரத்தில் பரத்பூர் கேவலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. குளிர்காலத்தில் பறவைகளைப் பார்ப்பதற்காகவே எங்கெங்கிருந்தோ மக்கள் வருகிறார்கள். பறவை நம்மை நெருங்க விடாது. ஆகவே நீண்ட லென்ஸ் வேண்டும். நிக்கான் கம்பெனியின் 200-500 லென்ஸ், எஃப் 5.6 அளவு, 2,300 கிராம். கேனனின் 100-400 லென்ஸ் தன் நீண்ட கோடியில் எஃப் 8 அளவுதான் திறக்கும். எடை 635 கிராம். இரு மடங்கு ஒளிக்கு மூன்றரை மடங்குக்கு மேல் எடை. அதிகாலைப் பனியில் அந்த இரு மடங்கு ஒளி வீண் போகாது. மேலும் பூங்காவின் பாதை சமதளம். ரிக்ஷாவில் போகலாம். சாமான் மடியில் அமர்ந்துகொள்ளும். ஆனால் ஆண்டுக்கொரு முறை போகும் பரத்பூருக்காக, ஆண்டு முழுவதும் சுமக்கும் காமிராவைத் தேர்ந்தெடுப்பது உசிதமன்று. அத்தகைய லென்ஸுகள் பெரிய நகரங்களில் நாள் வாடகைக்கே கிடைக்கின்றன.

தரம் எவ்வளவு வேண்டும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. நம் வீட்டுச் சுவரில் மாட்டும் 8-க்கு 12 அங்குலப் படத்துக்கு, அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் கணக்கிட்டால், சுமார் 86 இலட்சம் புள்ளிகள் போதும். இக்காலத்து 4கே தொலைக்காட்சித் திரையில் உள்ளவை சுமார் 83 இலட்சம். அந்தச் சிறிய ஆர்50 தருவதோ 240 இலட்சம். அதைக்கொண்டு 20 அங்குல அகலம் வரையில் கூர்மை கெடாமல் அச்சிடலாம். அதற்கு மேலும் வேண்டுமென்பவர், அப்படத்தை எங்கே மாட்டப்போகிறார் என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளட்டும். இரண்டு அறைக் குடியிருப்பில் சுவர் எவ்வளவு இருக்கிறது என்பது நம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே!

ஆகவே வாங்கப் போகும் அன்பர்களுக்கு நாம் சொல்லும் முறை இது. முதலில், சென்ற இரண்டு ஆண்டுகளில் எடுத்த படங்களைப் புரட்டிப் பாருங்கள். அவற்றில் வெயிலில் எடுத்தவை எத்தனை, விளக்கொளியில் எடுத்தவை எத்தனை, எட்டத்தில் இருந்ததை எடுத்தவை எத்தனை என்று குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு எந்த லென்ஸ் வேண்டும் என்பதை அந்தக் குறிப்பே சொல்லிவிடும்.

அடுத்தபடி, கடைக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒரு பரீட்சை செய்யலாம். வாங்க நினைக்கும் சாமான் மூன்று கிலோ என்றால், மூன்று கிலோ அரிசியைப் பையில் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் குடும்பத்தோடு இரண்டு மணி நேரம் சுற்றி வாருங்கள். காய்கறி வாங்குங்கள்; குழந்தையைத் தூக்குங்கள்; பஸ் ஏறி இறங்குங்கள். திரும்பி வரும்போதும் பை உங்கள் தோளிலேயே இருந்தால் தாராளமாக வாங்கலாம். நடுவழியில் கை மாறிவிட்டால், அந்த எடை உங்களுக்கு உரியதன்று. ஒன்றரைக் கிலோவாகக் குறைத்து மறுபடியும் நடந்து பாருங்கள்.

இப்பரீட்சையில் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். குடும்பத்தில் ஒருவருடைய இரு கைகளையும் காமிரா பிடித்துக்கொண்டால், தண்ணீர்க் கூஜா, சாப்பாட்டுப் பை, குழந்தை ஆகிய மற்றவை வேறொருவர் கைக்குப் போகின்றன. அந்த வேறொருவர் பெரும்பாலும் மனைவியாகவே இருக்கிறார். காமிராவின் எடையை நிறுக்கும்போது, அது தம் மேலிருந்து இறக்கிவிட்டு அவர் மேல் ஏற்றும் எடையையும் கூட்டிக்கொள்வதே நேர்மையான கணக்கு. ஆகவே காமிராவைத் தேர்ந்தெடுக்கக் கடைக்குப் போகும்போது அவரையும் உடனழைத்துச் செல்வது நல்லது. வாசகசாலையில் நம்மைக் கேட்ட அன்பருக்கும் இதுவே நம் பதில்: எடைக்கு எல்லையை மனைவியார் குறிக்கட்டும், அந்த எல்லைக்குள் கிடைப்பவற்றில் மிகச் சிறந்த தரம் எது என்பதைத் தமையனார் தேடித் தரட்டும்.

எடுத்த படங்களை அழிந்துபோகாமல் வைத்துக்கொள்ளும் முறைகளைப் பற்றி அடுத்த மாதம் கவனிப்போம்.